படகைக் கவிழ்ப்பது யார்? தண்ணீரில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

நான் கவிழ்த்த முதல் படகு நாலு பேர் உட்காரும் துடுப்புப் படகு. காற்று இல்லை, அலை இல்லை. மலை ஊர் ஏரி ஒன்றில், காலை பத்து மணி வெயிலில், தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நண்பன் "நான் கொஞ்ச நேரம் தள்ளுறேன்டா" என்றான். இடம் மாற எழுந்தேன். அவனும் அதே நேரத்தில் எழுந்தான். ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டியது வரைதான் நினைவிருக்கிறது. அடுத்த நொடி மூக்கில் தண்ணீர். மேலே வந்து பார்த்தால் படகு முதுகைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது, பக்கத்தில் எங்கள் செருப்புகள். கரையில் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தபோது "இந்தக் குட்டைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று சலித்துக்கொண்டேதான் மாட்டியிருந்தோம்.

அதற்குப் பிறகு கயாக் (ஓரிருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான படகு) பழகினேன். இப்போது அவ்வப்போது புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பெரிய அலை வந்தா என்ன பண்றது?" நியாயமான கேள்விதான். ஆனால் ஏரியிலும் உப்பங்கழியிலும் சின்னப் படகுகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அலை அல்ல. உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

படகு எப்படி நிமிர்ந்து நிற்கிறது

ஒரு வாளித் தண்ணீரில் அகலமான கிண்ணம் ஒன்றை மிதக்கவிடுங்கள். அடியில் ஒரு தட்டையான கல்லை வைத்து, கிண்ணத்தின் விளிம்பை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். ஆடிவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். இப்போது கல்லை எடுத்துவிட்டு, அதே எடைக்குத் தண்ணீர் நிரப்பிய உயரமான டம்ளரை உள்ளே நிற்க வையுங்கள். மறுபடி விளிம்பை அழுத்துங்கள். குப்புற விழுந்துவிடும்.

எடை ஒன்றுதான், அது இருக்கும் உயரம்தான் மாறியது. படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் தண்ணீருக்குள் அதிகம் இறங்குகிறது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கத்தை அதிகமாக மேலே தள்ளி, படகைத் திரும்ப நிமிர்த்தப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் எடை தாழ்வாக, நடுவில் இருக்கும்வரை இந்தத் தள்ளல் ஜெயிக்கும். நீங்கள் எழுந்து நின்றால் எடை மேலே போகிறது. விளிம்புப் பக்கம் நகர்ந்தால், தண்ணீர் தள்ளும் இடத்தையும் தாண்டி உங்கள் எடை வெளியே போய்விடுகிறது. அதற்குப் பிறகு படகை நிமிர்த்த ஒன்றும் இல்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். கரையோரம் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாகத் திரண்டதும், மேல்தளத்தில் கூட்டம் இருந்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. அது இரண்டு அடுக்குப் படகு, நம் துடுப்புப் படகு அல்ல. ஆனால் நடந்தது டம்ளர் கதைதான்: எடை உயரத்தில் இருந்தது, அப்புறம் ஒரு பக்கமாக ஓடியது.

எடை உயரே போவது, ஒரு பக்கம் ஒதுங்குவது இரண்டும் போக, மூன்றாவது காரணம் உள்ளே வரும் தண்ணீர். இதைப் புதியவர்கள் மிகவும் குறைத்து எடைபோடுகிறார்கள். ஒரு தாம்பாளத்தில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்து பாருங்கள். கை துளி சாய்ந்தாலும் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி, தட்டை இன்னும் சாய்க்கும். படகுக்குள் தேங்கும் தண்ணீரும் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள தளத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 300 லிட்டர், அதாவது 300 கிலோ. நாலைந்து பேர் கூடுதலாக ஏறிய மாதிரி. அதுவும் சொன்ன இடத்தில் உட்காராமல், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடுகிற நாலைந்து பேர்.

படி 1: கிளம்பும் முன் வானத்தையும் காற்றையும் பாருங்கள்

சென்னைக் கடற்கரைப் பக்கம் கோடையில் காலை அமைதியாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று எழும்பும். முட்டுக்காடு மாதிரி உப்பங்கழியில் முதல் பாடம் கற்கிறவர்கள் காலை ஏழு மணிக்கே தண்ணீரில் இறங்கிவிட்டால், காற்று வலுக்கும் முன் கரைக்கு வந்துவிடலாம். வெயில் காலத்து மாலைகளில் திடீர் இடிமழை வரும். மழையைவிட அதற்கு முன்னால் வரும் சூறைக்காற்றுதான் சின்னப் படகுக்கு ஆபத்து. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே கரைக்குத் திரும்புங்கள்.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பரவலாக வெண்நுரை தெரிந்தால் அதற்கும் மேல். முதல் நிலையிலேயே புதியவர்கள் கரையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், தப்பில்லை.

இன்னொன்று, காற்று கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசினால் உஷார். கரையோரம் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், போவதும் சுகமாக இருக்கும். திரும்பி வரும்போதுதான் தெரியும், எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்று. போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று என்று திட்டமிடுங்கள்.

கடலை ஒட்டிய இடம் என்றால் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். மீனவர்களே படகைக் கரையேற்றி வைத்திருக்கும் நாளில் நமக்கு அங்கே வேலை இல்லை.

படி 2: ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், படகில் அல்ல

அமெரிக்கக் கடலோரக் காவல் படை உல்லாசப் படகு விபத்துகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2022-இல் 636 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் முக்கால் பங்கு மூழ்கியதால் நேர்ந்தவை. அப்படி மூழ்கியவர்களில், விவரம் தெரிந்தவரை, 85 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. நம் ஊர்ப் பக்கத்துக் கதைகளும் வேறு மாதிரி இல்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருந்த படகு அது, பல பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டும் இல்லை.

"காலடியில வச்சுக்கிறேன், தேவைப்பட்டா போட்டுக்கிறேன்" என்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஜாக்கெட்டைத் தண்ணீரில் போட்டு, கால் தரையில் படாமல் அதை மாட்டிப் பாருங்கள். நீச்சல் தெரிந்தவர்களே திணறுவார்கள். படகு கவிழ ஒன்றிரண்டு நொடி போதும்.

ஜாக்கெட்டைக் கையில் கொடுத்ததும் பார்க்க வேண்டியவை: எல்லா கொக்கியும் மாட்டுகிறதா, வார் இற்றுப்போயிருக்கிறதா, உள்ளே இருக்கும் நுரை அமுக்கினால் மீண்டு வருகிறதா. கல் மாதிரி இறுகியிருந்தாலும், அமுக்கிய பள்ளம் அப்படியே நின்றாலும் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு கொடுத்துத்தானே ஏறுகிறோம். பிறகு மாட்டி, வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. தண்ணீரில் அது மட்டும் மேலே மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவிவிடுவீர்கள். குழந்தைகளுக்கு வயதைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். கால்களுக்கு இடையே வரும் வார் கட்டாயம் இருக்க வேண்டும்.

சொந்தமாக வாங்குகிறவர்கள் லேபிளில் '50 நியூட்டன்', '100 நியூட்டன்' என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். ஜாக்கெட் உங்களை மேலே தூக்கும் விசையின் அளவு அது. 50 என்பது நீச்சல் தெரிந்தவர்களுக்கு, கரைக்குப் பக்கத்தில். 100, கழுத்துப் பட்டையோடு வரும். மயங்கிக் கிடந்தாலும் முகத்தை மேல்நோக்கி வைக்கப் பார்க்கும். நீச்சல் தெரியாதவர்கள் இதற்குக் கீழே போக வேண்டாம்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேலை கட்டியிருந்தால் முந்தானையை இழுத்துச் செருகி, ஜாக்கெட்டுக்கு உள்ளே விடுங்கள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்ற வேண்டாம், கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். தோளில் குறுக்காக மாட்டும் பை கழுத்தில் சிக்கும், அதையும் இறக்குங்கள். கைக்குழந்தையை உடம்போடு சேர்த்துக் கட்டும் பையில் வைத்துக்கொண்டு படகு ஏறாதீர்கள். கவிழ்ந்தால் குழந்தையின் முகம் தண்ணீருக்குள் இருக்கும். என்னைக் கேட்டால், கைக்குழந்தையோடு சின்னப் படகில் ஏறுவதே வேண்டாம்.

படி 3: எத்தனை பேர்?

படகுத்துறைகளில் படகின் பக்கவாட்டில் எத்தனை பேர் என்று எழுதியிருப்பார்கள். "சின்னப் பசங்கதானே, இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று பேரம் பேசுகிற இடம் இது இல்லை. படகுக்காரர் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள்.

எழுதியிருக்காத படகு என்றால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான படகுகளுக்குச் சொல்வது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும். 12 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 48-ஐ 15-ஆல் வகுக்க, 3 பேர். ஆளுக்குச் சராசரியாக 68 கிலோ, தண்ணீர் அமைதியாக இருக்கும் நாள் என்ற அனுமானத்தில் சொன்னது இது. கூலிங் பாக்ஸ், சாப்பாட்டு மூட்டை எல்லாம் இருந்தால் ஓர் ஆளைக் குறைத்துக்கொள்ளுங்கள். கயாக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதன் எடை வரம்பு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

எல்லோரும் ஏறிய பிறகு, தண்ணீர் மட்டத்திலிருந்து விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சாண்கூட இல்லை என்றால் இறங்கிவிடுங்கள். பக்கத்தில் ஸ்பீடு போட் ஒன்று போனால் போதும், அதன் அலை நேரே உள்ளே வந்துவிடும்.

எந்த வேலைக்குச் செய்த படகு என்பதும் முக்கியம். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றிக் கட்டியது. அளவுக்கு மேல் ஆட்களோடு, பொழுது சாய்ந்த பிறகு போனது. மேலே புதிதாக ஒரு தளமோ கூரையோ ஒட்டவைத்த மாதிரி தெரிந்தால், கிண்ணத்துக்குள் வைத்த டம்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு எந்தப் படகும் வேண்டாம்.

படி 4: ஏறுவதும் உட்காருவதும்

கரையிலிருந்து குதித்து ஏறுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. ஒருவர் படகைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறுங்கள். காலை விளிம்பில் வைக்காமல் படகின் நடுக்கோட்டில் வையுங்கள். உடம்பைக் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். ஒரு கால் படித்துறையிலும் ஒரு கால் படகிலும் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். படகு மெல்ல விலகும், அப்புறம் நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய நேரம் இருக்காது.

ஒகேனக்கல் பரிசல்காரர்களைக் கவனித்துப் பாருங்கள். வட்டமான, அடிப்பாகம் தட்டையான கூடை அது. தண்ணீரில் சுற்றும், ஆனால் அகலம் அதிகம் என்பதால் சட்டென்று சாயாது. அதிலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார். "அண்ணே நீங்க இந்தப் பக்கம், அக்கா நீங்க அவருக்கு எதிர்ல" என்று எடையைக் கண்ணாலேயே நிறுத்துவிடுவார். கொஞ்சம் பருமனானவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. உங்கள் துடுப்புப் படகிலும் அதையே செய்யுங்கள்: எடை சமமாக, நடுவில், தாழ்வாக.

உட்கார்ந்த பிறகு எழுந்திருக்காதீர்கள். இடம் மாற வேண்டுமா? கரைக்குப் போய் மாறுங்கள். வழியே இல்லை என்றால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், முழங்காலில் தவழ்ந்து நகர வேண்டும். மற்றவர் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். என் கதையில் இரண்டு பேர் ஒன்றாக எழுந்ததுதான் கெடுத்தது.

செல்ஃபி எடுப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "டால்பின்!", "முதலை!" என்று யாராவது கத்தினால்தான் சிக்கல், எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். ஏறும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள், என்ன தெரிந்தாலும் தலை மட்டும்தான் திரும்ப வேண்டும். தொப்பி தண்ணீரில் விழுந்தால் எக்கி எடுக்காதீர்கள், படகைத் திருப்பிக்கொண்டு போய்த் துடுப்பால் எடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வெளியே சொல்வதில்லை. மீன் பிடிக்கப் போகும் ஆண்கள் சிறுநீர் கழிக்க விளிம்பில் ஏறி நின்று விழுவது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. ஒரு காலி பாட்டில் போதும். குடித்துவிட்டுப் படகு ஏறுகிறவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கரையில் லேசான தள்ளாட்டமாக இருப்பது படகில் விழுந்துவிடும் அளவுக்குப் போய்விடும்.

படி 5: தண்ணீரில் இருக்கும்போது

அலையைப் பக்கவாட்டில் வாங்காதீர்கள். வேகப் படகு கடந்து போனால், உங்கள் படகின் முன்முனையை (மீனவர்கள் அணியம் என்பார்கள்) அந்த அலையை நோக்கித் திருப்புங்கள். மோட்டார் படகென்றால் வேகத்தைக் குறைத்து, அலையைச் சற்றே சாய்வாக எதிர்கொள்ளுங்கள். ஆட்களைப் படகின் தரையில் உட்காரச் சொல்லுங்கள்.

முகத்துவாரத்துக்குப் பக்கம் போகாதீர்கள். ஆற்றிலிருந்து வெளியே பாயும் தண்ணீரும் கடலிலிருந்து உள்ளே வரும் அலையும் மணல்திட்டின் மேல் மோதிக்கொள்ளும் இடம் அது. அலைகள் அங்கே குட்டையாக, செங்குத்தாக எழுந்து உடையும். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். மீனவர்கள் அலைகளை எண்ணி, இடைவெளி பார்த்துக் கடப்பார்கள். பார்த்துப் பழகியவர்களின் வித்தை அது, நமக்கு வராது.

மோட்டார் படகை வாடகைக்கு எடுத்தோ வாங்கியோ ஓட்டுகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு இருக்கும், அதை மணிக்கட்டிலோ முழங்காலிலோ மாட்டுங்கள். நீங்கள் தவறி விழுந்தால் இன்ஜின் நின்றுவிடும், ஆளில்லாத படகு உங்களைச் சுற்றிச் சுற்றி வராது. வேகமாகப் போகும்போது சட்டென்று ஒடித்துத் திருப்பாதீர்கள். சட்டென்று நிறுத்தவும் செய்யாதீர்கள், உங்கள் படகு எழுப்பிய அலையே பின்னால் ஓடிவந்து பின்பக்கம் ஏறிவிடும்.

பின்பக்கம் என்றதும் நங்கூரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன மோட்டார் படகின் பின்பக்கச் சுவர்தான் பொதுவாகத் தாழ்வானது, இன்ஜினின் எடையும் அங்கேதான். நங்கூரக் கயிற்றைப் பின்பக்கம் கட்டினால் அலை வரும்போது படகு மேலே எழ முடியாமல் கயிறு இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் உள்ளே கொட்டும். 2009 பிப்ரவரி 28 அன்று ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரிலிருந்து நான்கு நண்பர்கள் 21 அடிப் படகில் மீன் பிடிக்கப் போனார்கள். மார்க்விஸ் கூப்பர், கோரி ஸ்மித் இருவரும் அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை வீரர்கள். மற்ற இருவரும் கல்லூரி அணியில் ஆடியவர்கள். நான்கு பேருமே கட்டுமஸ்தான ஆட்கள். திரும்பும் நேரத்தில் நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. கயிற்றைப் பின்பக்கம் கட்டி, இன்ஜினை முடுக்கிப் பிடுங்கப் பார்த்தார்கள். படகு கவிழ்ந்துவிட்டது. மார்ச் 2 அன்று கடலோரக் காவல் படை கண்டபோது, கவிழ்ந்த படகின் மேல் நிக் ஸ்கைலர் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார்.

நங்கூரம் எப்போதும் முன்முனையில்தான். கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு. சிக்கிக்கொண்டால் கயிற்றை வெட்டிவிடுங்கள், புது நங்கூரம் கடையில் கிடைக்கும். அதற்காகவே ஒரு கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கயாக் வாங்க நினைப்பவர்கள் முதல் படகாக, மேலே உட்கார்ந்து ஓட்டும் வகையை எடுங்கள். அதில் தண்ணீர் தேங்கக் குழிவான உட்புறம் கிடையாது, மேலே விழும் தண்ணீர் துளைகள் வழியே வடிந்துவிடும். நம் கட்டுமரமும் அப்படித்தான். மரங்களைச் சேர்த்துக் கட்டியது, நிரம்புவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பெயரை ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டுபோய் இரட்டை உடல் படகுக்கு வைத்துவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் கயாக்கின் மூடிய உடலுக்குள் வெற்றிடம் உண்டு, அதன் முனையில் ஒரு திருகு தக்கை இருக்கும். தண்ணீரில் இறக்கும் முன் அது இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை மறந்தேன். அரை மணி நேரத்தில் கயாக் எருமை மாதிரி பாதி மூழ்கிக் கிடந்தது.

படி 6: கவிழ்ந்துவிட்டால்

மலை ஏரிகளில், அதுவும் மார்கழிக் குளிரில் விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சை உள்ளிழுக்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். வாயையும் மூக்கையும் கையால் பொத்திக்கொள்ளுங்கள். முதல் ஒரு நிமிடம் நீந்த வேண்டாம், எதுவும் செய்ய வேண்டாம், ஜாக்கெட் உங்களைத் தாங்கட்டும். மூச்சு ஒரு நிலைக்கு வந்துவிடும். அப்புறம் இந்த வரிசை:

1. தலைகளை எண்ணுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருவர் குறைந்தால் படகுக்கு அடியில் பாருங்கள், பல நேரம் அங்கே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும்.
2. படகைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அதன் மேல் ஏறுங்கள். உடம்பு தண்ணீருக்கு வெளியே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சூடு மிச்சம். தேடுகிறவர்களுக்கும் ஒரு தலையைவிட ஒரு படகு சுலபமாகக் கண்ணில் படும்.
3. விசில் ஊதுங்கள். கத்தினால் தொண்டை சீக்கிரம் போய்விடும். ஜாக்கெட்டில் ஒரு விசிலைக் கட்டிவைக்கப் பத்து இருபது ரூபாய்தான் ஆகும்.

கரை பக்கத்தில் தெரிகிறதே, நீந்திவிடலாமே என்று தோன்றும். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தூரம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். நன்றாக நீந்துகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். படகு மிதந்துகொண்டிருக்கும்வரை அதை விடாதீர்கள். நீரோட்டம் படகை முகத்துவாரத்துக்கோ மதகுக்கோ இழுத்துப் போகிறது என்றால் மட்டும் கணக்கு வேறு.

தண்ணீர் புகாத உறையில் கைபேசி இருந்தால் 112. கடலில் என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. கிளம்பும் முன் கரையில் ஒருவரிடம் "இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், கைபேசி நனைந்தாலும் யாராவது தேடி வருவார்கள்.

கரையில் நிற்கிறவர்களுக்கு: மூழ்குகிறவர் சினிமாவில் மாதிரி கையை ஆட்டிக் கத்த மாட்டார். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், சத்தமில்லாமல் இருப்பார். ஜாக்கெட் இல்லாமல் குதித்துக் காப்பாற்றப் போகாதீர்கள், அவர் உங்களைப் பிடித்து அமுக்கிவிடுவார். கம்பு, துடுப்பு, மூடிய காலி கேன், கட்டிய சேலை, எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள்.

வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்க்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றவும் வேண்டாம். பொன்னான நிமிடங்கள் போவதோடு, வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவருக்கு உடனே வேண்டியது காற்று. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதட்டும், பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடரட்டும். தண்ணீரை உள்ளிழுத்து இருமியவர் தேறிவிட்டார் என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்துத் தலைகாட்டலாம்.

படி 7: முதல் நாளே கவிழ்த்துப் பாருங்கள்

இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் கூட்டிப் போகும் யாரையும் இதைச் செய்யாமல் ஆழத்துக்கு விடுவதில்லை. இடுப்பைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழம், மணல் தரை, கூடவே பழகிய ஒருவர். ஜாக்கெட்டோடு கயாக்கில் உட்கார்ந்து, வேண்டுமென்றே ஒரு பக்கம் சாயுங்கள். விழுந்ததும் துடுப்பை விடாதீர்கள். கயாக் குப்புறக் கிடந்தால் அதன் நடுப்பகுதிக்குப் போய், எதிர்ப்பக்க விளிம்பை எட்டிப் பிடித்து, உங்கள் எடையைப் போட்டு இழுத்தால் புரண்டு நிமிரும். பிறகு இரண்டு கையையும் மேலே வைத்து, தவளை மாதிரி காலை உதைத்து, முதலில் வயிற்றைக் கயாக்கின் மேல் கொண்டுவாருங்கள். அப்படியே கொஞ்ச நேரம் குறுக்காகக் கிடந்து மூச்சு வாங்குங்கள். உடனே எழுந்து உட்காரப் பார்த்தால் அந்தப் பக்கமாக மறுபடி விழுவீர்கள், எல்லோரும் முதல் தடவை அப்படித்தான் விழுகிறோம். உருண்டு மல்லாந்து, உட்காரும் இடத்தில் இடுப்பைப் பொருத்தி, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். மூன்று நாலு தடவை செய்தால் வந்துவிடும்.

முடித்துக் கரையேறியதும் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் துணியும் நுரையும் சீக்கிரம் கெட்டுவிடும்.